பிளிமத் குடியேற்றத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்களைப் பிள்ளைகள் வரைந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கறுப்பு உடை, பக்கிள் வைத்த தொப்பி, மரக்கட்டை வீடு, மேஜையில் வான்கோழி. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் காட்டிய படங்கள் அப்படி.

முதலில், இரண்டு ஊர்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. விர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன், லாபம் தேடிய ஒரு வணிகக் கம்பெனி 1607-இல் அமைத்தது. முதலில் அங்கே தங்கிய 104 பேரும் ஆண்களும் சிறுவர்களும்தான். மாசசூசெட்ஸின் பிளிமத், 1620-இல் மேஃபிளவர் கப்பலில் குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் ஊர். புகையிலை விவசாயம் ஜேம்ஸ்டவுன் பக்கத்துக் கதை. 1619-இல் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விற்கப்பட்டதும் விர்ஜீனியாவில்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எளிதாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். விடாதீர்கள்.

சரி, பிளிமத்துக்கு வருவோம். உடை கறுப்பு மட்டும் இல்லை. ஊர்ப் பெரியவர் வில்லியம் புரூஸ்டர் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் ஊதா நிறக் கோட்டு ஒன்று இருக்கிறது. வீடுகளும் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியவை அல்ல. மரச்சட்டம் நிறுத்தி, வரிச்சு கட்டி மண் பூசி, வெளியே பலகை அடித்து, மேலே புல்லோ நாணலோ வேய்ந்த கூரை. நம் ஊர்க் கூரை வீட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. "ஆளில்லாத காட்டை வெட்டி ஊர் அமைத்தார்கள்" என்று எழுதுவது. பிளிமத் நின்ற இடம், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் பட்டக்ஸெட் என்ற ஊர். அங்கே காடு ஏற்கெனவே திருத்தப்பட்டு வயலாகியிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் 1616 முதல் 1619 வரை பரவி அந்த ஊரையே காலி செய்துவிட்டது. டிஸ்குவாண்டம் என்பவர் அந்த ஊர்க்காரர். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்கக் கொண்டுபோனான். பிறகு லண்டன் போய்ச் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619-இல் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் உறவென்று யாரும் இல்லை. 1621 வசந்தத்தில் ஆங்கிலேயர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுக் கொடுத்தவர் இவர்தான். சிறுமீன்களை எருவாகப் போடச் சொன்னார். அந்த ஆண்டு ஆங்கிலேயர் தங்கள் நாட்டு விதையில் விதைத்த பட்டாணி, பூத்த நிலையிலேயே வெயிலில் கருகிப் போனது. இருபது ஏக்கர் மக்காச்சோளம்தான் நன்றாக விளைந்தது. "உதவி செய்த நல்ல பூர்வகுடி மனிதர்" என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடாதீர்கள், அவர் பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடினார்கள் என்பதும், தினமும் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதும் சரியில்லை. ஆரம்ப வருடங்களில் பிளிமத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, வயலில் பறவை விரட்டுவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். படிக்கத் தெரிந்த பெற்றோர் வீட்டிலேயே எழுத்துச் சொல்லித் தந்தார்கள். சாப்பாட்டுக்கு முள்கரண்டி இல்லை. கத்தி, கரண்டி, அதோடு கை. கையால் சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

கடைசியாக அறுவடை விருந்து. 1621-இல் மூன்று நாள் நடந்தது. நேரில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும், வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் வருகின்றன. வான்கோழி இருந்திருக்கலாம், ஆனால் கடிதத்தில் அந்தப் பெயர் இல்லை. பூசணிக்காய் வைத்துச் சுடும் 'பை' (pie) என்ற பலகாரமும் இருந்திருக்காது, அதற்கு வேண்டிய கோதுமை மாவும் வெண்ணெயும் அப்போது அவர்களிடம் இல்லை. முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் இறந்துபோனதால், விருந்தில் ஆங்கிலேயர் சுமார் ஐம்பது பேர்தான். வாம்பனோக் தலைவர் மாசசாய்ட்டோடு வந்தவர்கள் தொண்ணூறு பேர். வழக்கமான படங்களில் இரண்டு மூன்று வாம்பனோக் ஆட்கள் ஓரமாக நிற்பார்கள். உங்கள் பிள்ளை வரைய உட்கார்ந்தால், பெரிய தாளாக எடுத்துக் கொடுங்கள்.