கொலைப் படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா? நான் தீர்மானிக்கும் விதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி வீட்டில் இருப்பது அந்த நாட்களில்தான். பள்ளிக்கும் லீவு வந்துவிடும். பாம்பனில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே டிவி. சாப்பிட்டு முடித்து, பாயை விரித்து எல்லாரும் படம் பார்க்க உட்காருவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு கொலைப் படம் பார்த்தோம். ரத்தம் அதிகம் இல்லை. வலையை இழுக்கும்போது ஒரு பெண்ணின் கை மேலே வரும், அவ்வளவுதான். அப்போது நாலாவது படித்த மகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தடை முடிந்து அப்பா கடலுக்குப் போன முதல் ராத்திரி தூங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். “அம்மா, அப்பா வலையில அது வந்தா என்ன செய்வாரு?” என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. படத்தில் எவ்வளவு ரத்தம் என்று மட்டும் விசாரித்திருந்தேன். எங்கள் வீட்டில் புழங்குகிற எந்தப் பொருள் அதில் வருகிறது என்று விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது முதலில் படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பார்க்கிறேன். ‘ஏ’ என்றால் 18 வயது ஆகாதவர்களுக்கு இல்லை, அதில் பேச்சே கிடையாது. சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோரை முடிவு செய்யச் சொல்வது ‘யுஏ’. அதை 2023 சட்டத் திருத்தம் வயதுப்படி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டது. பழைய படங்களில் வெறும் ‘யுஏ’ என்றுதான் இருக்கும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஓடிடியில் 2021 விதிகளின்படி வயதோடு காரணமும் போடுகிறார்கள்: வன்முறை, கெட்ட வார்த்தை, போதை என்று. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதியும் உண்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணைப் பிள்ளைகள் எதிரில் அழுத்தாதீர்கள்.

அப்புறம் படத்தை நானே போனில் பார்த்துவிடுவேன். முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால் முதல் 20 நிமிஷம், பிறகு இடைவேளைக்கு அப்புறம் வருகிற ஃப்ளாஷ்பேக். அந்த ஃப்ளாஷ்பேக்கை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கொலைகாரன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்ல, ஒரு குழந்தையைப் போட்டு வதைப்பதைப் பல படங்களில் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். கத்திக்குத்தைவிடப் பிள்ளைகள் மனதில் அதுதான் தங்குகிறது. இன்னொன்றும் கவனிப்பேன். செத்துப்போன பெண்ணுக்கு ஒரு பெயர், அழுகிற ஒரு அம்மா இருக்கிறார்களா, இல்லை உடம்பை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்களா? இரண்டாவது மாதிரி என்றால் என் மகனுக்கும் அது வேண்டாம்.

போனில் முன்கூட்டிப் பார்க்கும்போது சத்தத்தையும் வைத்தே பாருங்கள். ஒரே அறையில் கண்ணை மூடிக்கொண்டாலும் காது மூடாது, அலறல் போய்ச் சேர்ந்துவிடும்.

குடும்பம் என்றால் பெரியவர்களும்தானே. என் மாமியார் 1964 புயலில் சின்னப் பிள்ளை, கரையில் ஒதுங்கிய உடல்களைப் பார்த்தவர். திரையில் ஈரமான பிணம் வந்தால் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் ஏன் போகிறார் என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. அந்த மாதிரிப் படத்தை அவர் இருக்கும்போது போடுவதில்லை.

இவ்வளவு பார்த்தும் சில நேரம் தவறிவிடும். பாதியில் பிள்ளை முகம் மாறினால் நிறுத்திவிடுங்கள். ஆனால் கொலைகாரன் பிடிபட்டானா, அந்தப் பெண் தப்பித்தாளா என்று முடிவை அப்போதே சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாமல் படுத்தால் பிள்ளை ராத்திரி முழுக்கத் தானே ஒரு முடிவைக் கற்பனை செய்துகொண்டு கிடக்கும். மறுநாள் பகலில், வேலைக்கு நடுவில், “நேத்து எது பயமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். என் மகள் மீன் ஆய்கிற நேரத்தில்தான் பேசுவாள்.

இந்தத் தடைக்காலத்தில் பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒரு 16+ படம் கேட்டான். பார்த்தேன். அவனுக்குச் சரி, மகளுக்கு வேண்டாம். அவளும் மாமியாரும் தங்கச்சிமடத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போன ராத்திரி நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.