லாரி கேபினில் இரைச்சல் தடுப்பு: பணம் வீணாகும் இடங்கள்

3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்கு, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளிலிருந்து, ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களிலும் பலர் ஏசி பொருத்திக்கொள்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டத் தொடங்கியதும், அதுவரை காற்றின் சத்தத்தில் மறைந்திருந்த மற்ற ஒலிகளெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். பானெட் மூடிக்கு அடியில் இன்ஜின் உறுமுகிறது, தரைத் தகடு அதிர்கிறது, கதவோரம் விசில் அடிக்கிறது. உடனே இரைச்சல் தடுப்பு ஷீட் வாங்கி கேபின் முழுக்க ஒட்டிவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் பெரிய மாற்றம் இல்லையே" என்று உரிமையாளர்கள் வருத்தப்படுகிறார்கள். பெரும்பாலும் ஷீட்டில் குறை இருப்பதில்லை. ஒலி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காமல் ஒட்டியதுதான் கோளாறு.

முதல் தவறு, ஒலி பிறக்கும் இடத்தைச் சரிசெய்யாமல் அதை மூட நினைப்பது. வண்டியை நிறுத்திவைத்து, வழக்கமாக ஓடும்போது இருக்கும் வேகத்துக்கு இன்ஜினை முறுக்கிப் பாருங்கள். அப்போதும் அதே உறுமல் கேட்டால் இன்ஜின், சைலன்சர், மவுன்டிங் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் கேட்டால் டயர், பேரிங், காற்று. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் குணம் மாறினால் அது டயர். வளைவில் திரும்பும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். கேபினைத் தாங்கும் ரப்பரான மவுன்டிங் புஷ் தேய்ந்திருந்து, அதை மாற்றினால் அடங்கிவிடும் அதிர்வை, ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒட்டும் ஷீட் அடக்காது. பேரிங் சத்தத்தை மூடி மறைப்பது ஆபத்தும்கூட. பழுது வருகிறது என்று வண்டி சொல்லும் முக்கியமான எச்சரிக்கை அது.

அடுத்தது, பணத்தை அதிகம் தின்னும் தவறு. அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட்டைத்தான் கடைகளில் இரைச்சல் தடுப்பு என்ற பெயரில் விற்கிறார்கள். அது தகட்டின் அதிர்வை அடக்கும். காற்று வழியாக வரும் ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. தட்டிய வெண்கலப் பாத்திரத்தை உள்ளங்கையால் தொட்டதும் நாதம் அடங்கிவிடுகிறது. ஆனால் அதே கை பக்கத்து வீட்டுப் பேச்சை நிறுத்தாது. பியூட்டைல் ஷீட்டின் வேலையும் அவ்வளவுதான்.

ஆகவே தரையையும் கதவையும் ஓர் அங்குலம் விடாமல் மூட வேண்டிய அவசியம் இல்லை. விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். "டங்" என்று நீளமாக ஒலிக்கும் இடம் பெரும்பாலும் அகன்ற, மடிப்பில்லாத பகுதியின் நடுவில் இருக்கும். அங்கே, தகட்டின் பரப்பில் கால் பங்கு அளவுக்கு ஒட்டினாலே "தொப்" என்று மாறிவிடும். அதற்கு மேல் ஒட்ட ஒட்டச் செலவும் எடையும் ஏறும், பலன் அந்த அளவுக்கு ஏறாது. 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ வரும்.

மிச்சமாகும் பணத்தை ஒலியைத் தடுக்கும் அடுக்குக்குத் திருப்புவதே என் யோசனை. தடுப்பதற்கு வேண்டியது கனம். சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவிலான கனத்த வினைல் விரிப்பு இதற்கென்றே கிடைக்கிறது. அதைத் தகட்டின் மேல் நேராகப் போடக் கூடாது. நடுவில் நீர் உறிஞ்சாத, மூடிய துளைகள் கொண்ட ஃபோம் ஓர் அடுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் அதிர்வு வினைலுக்கும் தாவிவிடும். இன்ஜின் மேல் கேபின் உட்கார்ந்திருக்கும் நம் லாரிகளில் இந்த இரட்டை அடுக்கு முதலில் போக வேண்டிய இடம் கால் வைக்கும் தரையும் பானெட் மூடியைச் சுற்றிய பகுதியும்தான். பின்சுவர், கதவு, கூரை எல்லாம் அதற்குப் பிறகு.

சந்துகளை விட்டுவிடுவதைப் போல முழு வேலையையும் கெடுப்பது வேறில்லை. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலை (ஒலியை அளக்கும் அலகு) தாண்டாது. கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை, ஸ்டீயரிங் தண்டு இறங்கும் ஓட்டை, கிளட்ச் பெடல் அடிப்பகுதி, ஏசி பொருத்தும்போது துளைத்துவிட்டு அடைக்காமல் போன குழாய் வழி என்று லாரி கேபினில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். இரவில் கேபினுக்கு அடியிலிருந்து ஒருவர் டார்ச் அடிக்க, உள்ளே ஒருவர் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒளிக்கீற்றே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கதவோர ரப்பர் பட்டையான பீடிங்கைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. புது பீடிங் போடும் செலவு, ஷீட் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

விலை குறைவு என்று மொட்டை மாடிக்குப் போடும் தார் ஷீட்டைக் கேபினில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கூரைத் தகடு காயும்போது அது இளகி, மணக்கும், வழியும். மூடிய ஏசி கேபினில் அந்த நெடியோடு இரவெல்லாம் ஓட்ட வேண்டியவர் டிரைவர். சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சும் ஆகாது. மழைக்காலத்தில் ஈரக் காலோடு ஏறும் தரையில் அது நீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். ஓராண்டில் அடித்தகடு துருப்பிடித்திருக்கும். பானெட் மூடியின் உட்புறத்தில் தெர்மோகோல், பார்சல் ஃபோம் போன்றவற்றை ஒட்டுவதைக் கண்டால் உடனே பிய்த்தெறியுங்கள். டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன, தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அந்த இடத்துக்கு அலுமினியத் தாள் போர்த்திய, தீப்பற்றாத கண்ணாடி இழை விரிப்புதான் சரி. அதையும் பசையை மட்டும் நம்பாமல் வாஷர் வைத்துத் திருகாணியால் பிடிக்க வேண்டும். கேபினுக்குள் போடும் மற்ற பொருள்களுக்கு, வாகன உட்புறப் பொருள்களின் தீப்பற்றும் தன்மைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15061 உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சமையல் எரிவாயு டேங்கர் ஓட்டுபவர்கள் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

ஒட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் ஒட்டினால் உள்ளே அரிப்பு தொடரும். டீசல் பிசுக்கு போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு ஒட்ட வேண்டும். பிறகு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில் ஷீட் இருந்தும் பயனில்லை. அலுமினிய ஓரம் பிளேடு போல அறுக்கும், கையுறை அவசியம்.

கதவில் வேலை செய்யும்போது அடிவிளிம்பில் இருக்கும் நீர் வடியும் துளைகளைத் தேடி, அவற்றைத் தொடாமல் விடுங்கள். அடைத்துவிட்டால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். கண்ணாடி இறங்கும் பாதையிலும் பூட்டுக் கம்பியிலும் ஷீட் உரசக் கூடாது.

தரையில் இதைவிடக் கவனம் வேண்டும். ஃபோமும் வினைலும் மேட்டும் சேர்ந்து தரை உயர்ந்தால், பிரேக், கிளட்ச் பெடல்கள் முழுதாக இறங்காமல் போகலாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெடலையும் கடைசி வரை மிதித்துப் பார்க்காமல் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கக் கூடாது. சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளுக்கு அடியில் ஃபோம் சிக்கியிருந்தால் அவை நாளடைவில் தளர்ந்துவிடும். அந்த இடங்களை வெட்டி எடுத்துவிட்டு இறுக்க வேண்டும்.

பலனைக் காதால் மட்டும் அளப்பதும் தவறுதான். 3 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒலியின் ஆற்றல் அங்கே பாதியாகக் குறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரத்தில் பாதி என்பது, பணியிட நலத்துக்கான அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. நாமக்கல்லிலிருந்து டெல்லி வரை ஓட்டும் ஒருவரின் காதுக்கு அந்த 3 டெசிபல் பெரிய காரியம். கைபேசிச் செயலியின் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், அதே சாலை, அதே வேகம், அதே சுமை, ஏசி அதே நிலையில் என்று வைத்து முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசத்தைக் காட்டும்.

முதல் லோடு ஏற்றி, தொப்பூர் கணவாய் போல இன்ஜின் சூடேறும் ஏற்றம் ஒன்றைக் கடந்ததும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பானெட் மூடியைத் திறந்து பாருங்கள். ஓரம் இளகியிருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ, அந்தப் பகுதியை அன்றே கழற்றிவிட வேண்டும்.