வக்கீல் நோட்டீஸ் வந்தா ஏஐ கிட்ட எதைக் கேக்கலாம், எதை நம்பி அனுப்பக் கூடாது

தண்டையார்பேட்டையில ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். மனு, நோட்டீஸ், அஃபிடவிட்னு எவ்வளவோ அடிச்சாச்சு. முன்னல்லாம் கசங்கின பேப்பர்ல எழுதிட்டு வருவாங்க, இப்போ போனை நீட்டி "ஏஐ எழுதிக் கொடுத்துச்சு, அப்படியே பிரின்ட் போடும்மா"ன்றாங்க. அது தப்புன்னு சொல்லல, நானே தினமும் யூஸ் பண்றேன். ஆனா எதுக்கு யூஸ் பண்ணணும்னு தெரியாம பண்ணிட்டு துட்டையும் நாளையும் விட்டவங்கள பாத்துட்டேன், அதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். கொருக்குப்பேட்டை அக்கா ஒருத்தங்களுக்கு ஓனரோட வக்கீல் கிட்டருந்து ஆறு பக்கம் இங்கிலீஷ்ல நோட்டீஸ் வந்துச்சு. மூணு நாள் அதை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு தூங்காம இருந்திருக்காங்க. கடையில வெச்சு பேரு, அட்ரஸ், போன் நம்பர் இருக்குற இடத்துல எல்லாம் பேப்பர் துண்டு வெச்சு மறைச்சு போட்டோ எடுத்தோம், அதை ஏஐல போட்டு மூணே கேள்வி கேட்டோம்: இதுல என்கிட்ட என்ன கேக்குறாங்க, எத்தனை நாள்ல பதில் சொல்லணும், பதில் சொல்லலனா அடுத்து என்ன பண்ணுவாங்க. தமிழ்ல தெளிவா சொல்லுச்சு. அது கோர்ட் ஆர்டர் கிடையாது, வெறும் வக்கீல் நோட்டீஸ்தான், நாளைக்கே யாரும் வந்து சாமானத்த வெளிய எடுத்துப் போட மாட்டாங்கன்னு அக்காவுக்கு அன்னிக்குதான் புரிஞ்சது. ஒரு மணி நேரம் கழிச்சு வக்கீல் முன்னாடி உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சு உக்காந்தாங்க. இந்த வேலைக்கு ஏஐ ரொம்ப நல்லது, காசும் இல்லாம முடிஞ்சது.

வந்தது நோட்டீஸா சம்மனான்னு மட்டும் முதல் வேலையா பாருங்க. சம்மன்னா கோர்ட்டே கூப்பிடுறது, கதை வேற. சிவில் கேஸ்ல சம்மன் கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளுக்குள்ள பதில் மனு போடணும், கோர்ட் மனசு வெச்சா 90 நாள் வரைக்கும் நீட்டிக் கொடுக்கலாம், போகாம கம்முனு இருந்தா எக்ஸ்பார்ட்டி ஆகிடும், அதாவது நீங்க இல்லாமலே கேஸ் நடந்து தீர்ப்பாகிடும். சம்மன கையில வெச்சுக்கிட்டு ஏஐ கூட பேசிட்டு இருக்காதீங்க, நேரா வக்கீல் கிட்ட போங்க.

இப்போ தேதி விஷயம், இங்கதான் நிறைய பேர் அடிபடுறாங்க. காசிமேட்டுல மீன் வியாபாரம் பண்ற அண்ணன் ஒருத்தருக்கு 1,80,000 ரூபாய்க்கு வந்த செக் பவுன்ஸ் ஆயிடுச்சு. செக்ல போட்ட தேதி மார்ச் 3, அவரு பேங்க்ல போட்டது ஏப்ரல் 2, செக் திரும்பிடுச்சுன்னு பேங்க் கொடுக்குற ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்தது ஏப்ரல் 4. என் கடைக்கு வந்தது ஏப்ரல் 25. ஏஐ கிட்ட மார்ச் 3 செக்னு மட்டும் சொல்லி கேட்டிருக்காரு, அது நோட்டீஸ் அனுப்ப வேண்டிய 30 நாள் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிடுச்சு, சரி போகட்டும்னு விடப் பாத்தாரு, பணத்துக்காக ஒரு லெட்டர் மட்டும் அடிச்சுக் கொடுன்னு வந்தாரு. சட்டத்துல 30 நாள்ங்கிறது சரிதான், ஆனா அது செக் தேதியிலருந்து கிடையாது, செக் திரும்பிடுச்சுன்னு பேங்க் தகவல் கொடுத்த நாள்லருந்து. மே 4 வரைக்கும் டைம் இருக்கு. வக்கீலா இருந்தா வாயத் தொறந்ததும் "மெமோ எங்க?"ன்னுதான் கேட்டிருப்பாரு. ஏஐ அதைக் கேக்கவே இல்ல, இவர் சொன்னத வெச்சு கணக்கு போட்டுடுச்சு. அதனால உங்க பேப்பர்ல எத்தனை தேதி இருக்கோ அத்தனையும் வரிசையா சொல்லி, "வேற என்ன தகவல் வேணும், மொதல்ல அதைக் கேளு, அப்புறம் பதில் சொல்லு"ன்னு டைப் பண்ணுங்க. இப்படிக் கேட்டா பதில் நிறைய மாறுது, நானே பண்ணிப் பாத்துருக்கேன்.

அந்த அண்ணன் போன்ல ஏஐ எழுதின லெட்டர்ல இன்னொரு கோளாறும் இருந்துச்சு, வட்டி, மன உளைச்சல் எல்லாம் சேத்து மொத்தமா 2,30,000னு ஒரே தொகையா கேட்டிருந்துச்சு. செக் நோட்டீஸ்ல கேக்குற தொகை செக் தொகையோட ஒத்துப் போகணும், டைப்பிங் மிஸ்டேக்னு சொன்னாலும் தப்பிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர்ல சொல்லிடுச்சு. வட்டி, செலவு கேக்கணும்னா தனியா பிரிச்சு காட்டணும். படிக்க அழகா இருக்குற லெட்டரே கேஸைக் கவுத்துடும், நான் டைப் அடிக்கிறவ, எனக்கே அதைப் பாத்து பயமா இருந்துச்சு.

வாடகை அட்வான்ஸ் பத்தி கேக்குறவங்க தமிழ்நாடுன்னு கண்டிப்பா சொல்லிக் கேளுங்க. எத்தனை மாச வாடகைய அட்வான்ஸா வாங்கலாம்ங்கிற ஒரே கேள்விக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம், மூணு மாசம்னு மூணு பதிலும் வந்து பாத்துட்டேன். ஒரு மாசம்ங்கிறது 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அது இப்போ இல்ல. ரெண்டு மாசம்ங்கிறது மத்திய அரசு 2021ல போட்ட மாதிரிச் சட்டம், மாநிலம் ஏத்துக்கிட்டாதான் செல்லும். நமக்கு இருக்குறது 2017ல போட்டு 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு சட்டம், அதுல மூணு மாச வாடகை, அதுவும் அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலனாதான். வீட்ட ஒப்படைச்ச ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக மீதிய ஓனர் திருப்பிக் கொடுக்கணும்.

அப்புறம் நம்ம பக்கம் "லீஸுக்கு வீடு"ன்னா அஞ்சு லட்சம், ஆறு லட்சம் மொத்தமா கொடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு, போகும்போது முழுசா வாங்கிக்கிறது, போக்கியம் மாதிரி. ஏஐ கிட்ட லீஸ்னு சொன்னா அது மாச வாடகைன்னு எடுத்துக்கிட்டு பதில் சொல்லும். வியாசர்பாடியில ஒரு பையன் இப்படித்தான் சம்பந்தமே இல்லாத பதில பிரின்ட் எடுத்து ஓனர் கிட்ட நீட்டி சண்டை பெருசாயிடுச்சு. லீஸ் பணம் மாட்டிக்கிச்சுன்னா பத்திரத்த வக்கீல் படிச்சே ஆகணும், அதுல குறுக்கு வழி இல்ல.

போலீஸ் கம்ப்ளைன்ட் எழுதும்போது ஏஐ எழுதிக் கொடுக்குறதுல 420, 506ன்னு பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு நம்பர்லாம் வரும். 2024 ஜூலை 1லருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புதுச் சட்டம்தான், ஏமாத்துற குத்தம் 420லருந்து 318க்கு போயிடுச்சு. அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்ததுக்கு பழசே. எனக்குத் தெரிஞ்சு கம்ப்ளைன்ட்ல பிரிவு நம்பரே தேவையில்ல, என்ன நடந்துச்சு, எங்க, எப்போன்னு எழுதுங்க, பிரிவ ஸ்டேஷன்ல போட்டுப்பாங்க. கொடுத்துட்டு சிஎஸ்ஆர் ரசீது, அதாவது கம்ப்ளைன்ட் வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்காம வராதீங்க.

ஏஐ தீர்ப்பு பேரு எதாவது சொன்னா அதுகிட்டயே "உண்மையா?"ன்னு கேக்காதீங்க. 2023ல நியூயார்க்ல வக்கீல்ங்க சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புங்கள கோர்ட்ல தாக்கல் பண்ணி, அதெல்லாம் இல்லவே இல்லாத கேஸ்னு தெரிஞ்சு 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. அதுல ஒருத்தர் முன்கூட்டியே அதுகிட்டயே கேட்டிருக்காரு, ஆமா உண்மையான கேஸ்தான்னு சொல்லியிருக்கு. சட்டத்தோட வரிய அரசாங்கத்தோட இந்தியா கோட் சைட்ல பாருங்க, தீர்ப்ப இந்தியன் கானூன் சைட்ல தேடுங்க, ரெண்டும் ஃப்ரீ. உங்க கேஸ் வாய்தா தேதிக்கு ஏஐ வேண்டாம், ஈகோர்ட்ஸ் ஆப்ல உங்க கேஸுக்குன்னு கோர்ட் கொடுத்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் போட்டா வந்துடும்.

கோவத்துல, பயத்துல "நான்தான் கையெழுத்த மாத்திப் போட்டேன், இப்போ என்ன பண்றது"ன்னு ஏஐ கிட்ட கொட்டிடாதீங்க. வக்கீல் கிட்ட சொன்னா அவரு வெளிய சொல்ல முடியாதபடி சாட்சியச் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு. சாட்பாட்டுக்கு அந்த மாதிரி பாதுகாப்பு கிடையாதுன்னு ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில சொன்னாரு.

வக்கீலுக்கு காசு இல்லைன்னுதான் பல பேர் ஏஐ கிட்ட போறாங்க, எனக்குப் புரியுது. ஆனா 15100க்கு போன் பண்ணுங்க, அது இலவச சட்ட உதவி. பொம்பளைங்க, குழந்தைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, தொழிற்சாலைத் தொழிலாளிங்க இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே வக்கீல் வெச்சுக் கொடுக்கணும்னு 1987 சட்டம். பாரிஸ் கார்னர்ல இறங்கினா ஹைகோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு. போகும்போது ஏஐ கிட்ட சொல்லி நடந்தத தேதி வாரியா ஒரு பக்கத்துல எழுதி வாங்கிக்கோங்க, ஒவ்வொரு தேதிக்கும் எதிர்ல அதுக்கான பேப்பர் இருக்கா இல்லையான்னு பேனாவால குறிச்சுக்கோங்க.

காசிமேட்டு அண்ணன் அப்படித்தான் ஒரு பக்கம் எடுத்துட்டு தங்கசாலை பக்கம் ஒரு வக்கீலப் பாத்தாரு. வக்கீல் எழுதின நோட்டீஸ் ரெண்டே பக்கம், தொகை 1,80,000 மட்டும். ஏப்ரல் 28 போஸ்ட் ஆச்சு. போஸ்ட் ஆபீஸ் ரசீதையும் மெமோவையும் ஒண்ணா பின் பண்ணி, ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன், டெலிவரி ஆன தேதிய எழுத ஓரத்துல இடம் விட்டு.