புகைபோக்கி இருந்தும் அடுப்படியில் புகை சூழ்ந்தால்

புகைபோக்கி வைத்த விறகடுப்பிலிருந்து புகை சமையலறைக்குள் திரும்பினால், கூரைமேல் ஏறுவதற்கு முன், அது எந்த நேரத்தில் திரும்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சூடேறிய காற்று எடை குறைந்து குழாய் வழியே மேலெழும்போது அடுப்பின் வாய் புதுக்காற்றை உள்ளே இழுக்கிறது. குழாயின் உயரமோ உட்சூடோ குறைந்தால் அந்த இழுவையும் தளரும்.

பற்றவைக்கும்போது மட்டும் புகைந்தால், இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த குழாயே காரணமாக இருக்கக்கூடும். குழாயின் அடியில் ஒரு தாளைக் கொளுத்திப் போட்டு, சுள்ளிகளால் சிறு தீ மூட்டிய பின் பெரிய விறகை வைத்தால் போதும். ஈர விறகின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும் என்பதால், விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் காயவைத்தே எரிக்க வேண்டும்.

எந்நேரமும் புகைந்தால், எரியும் அடுப்பின் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். அதன் புகை வெளிப்பக்கம் சாய்ந்தால் சன்னலைத் திறந்து, காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓடினால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் திரும்பிவிட்டால் அறைக்குள் காற்று வரத்து போதவில்லை என்று பொருள். இரட்டை அடுப்பில் பலரும் கவனிக்காதது இரண்டாவது வாய். அதில் பாத்திரம் இல்லாதபோது மூடாமல் விட்டால், குளிர்காற்று அதன் வழியே புகுந்து குழாயைக் குளிர்வித்துவிடும். ஒரு மண்தட்டு போட்டு மூடினாலே பெரும்பாலான புகார்கள் தீரும் என்பது என் கருத்து.

நாள்பட நாள்பட இழுவை குறைந்துவந்தால் அது கரி அடைப்பு. அடுப்பு முற்றிலும் ஆறியபின், வாய்களை ஈரச்சாக்கால் மூடி, முதலில் மூங்கில் கழியில் கட்டிய தேங்காய் நார்க் கற்றையால் குழாயையும், பிறகு சாக்கை எடுத்துவிட்டு இரண்டு வாய்களுக்கும் இடையிலுள்ள குகைவழியையும் துடைக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயைச் சுரண்டவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் வேறு குழாய்க்கு மாறிவிடுவதே நல்லது. அடைப்பை நீக்காமல் அடுப்பை எரிப்பதும் ஆபத்தே, ஏனெனில் புகை தெரியாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். துடைக்கும்போதே இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பார்த்துக் களிமண்ணால் பூசிவிடலாம். குழாயில் செங்கோண வளைவு இருந்தால், அதைச் சாய்வான வளைவாக மாற்றுவது நல்லது.

காற்றடிக்கும்போது மட்டும் புகை திரும்பினால்தான் கூரைமேல் வேலை. குழாய் முகட்டுக்கு மேல் 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் மாடியோ அடர்ந்த மரமோ இருந்தால் இன்னும் உயர்த்த வேண்டும். மழைத்தொப்பி வாயோடு ஒட்டியிருந்தால், 4 அங்குலக் குழாய்க்கு 3 அங்குல இடைவெளியாவது விட்டுத் தூக்கிப் பொருத்த வேண்டும். ஓலைக்கூரையாயின், குழாய் ஓலையில் படாதபடி சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகரத் தடுப்பு வைத்த பின்னரே அடுப்பைப் பற்றவைக்கலாம்.