கம்பெனியைப் பார்க்கும் முன் காலண்டரைப் பாருங்கள்: ஆஸ்திரேலியாவில் குடும்பத்துக்கு பிரைவேட் காப்பீடு

ஆஸ்திரேலியாவுக்கு வந்து, வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விடும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "பிரைவேட் இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?" இந்தக் கேள்விக்கு ஒரு விருந்தில் ஐந்து பேரிடம் ஐந்து பதில் கிடைக்கும். வரிக்காக எடுத்தே ஆக வேண்டும் என்பார் ஒருவர். வீண் செலவு, அரசு மருத்துவமனையே போதும் என்பார் இன்னொருவர். ஐந்துமே சொன்னவருடைய விசாவுக்கும் வயதுக்கும் சம்பளத்துக்கும் சரியாக இருந்திருக்கும். உங்களுக்குச் சரிவருமா என்பது வேறு கணக்கு.

ஊரில் காப்பீடு எடுத்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். அங்கே வயது கூடினால் பிரீமியம் கூடும். சர்க்கரை, பிரஷர் என்றால் கேள்வி மேல் கேள்வி. சில நேரம் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே மெடிகேர் (அரசின் பொது மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கான பிரைவேட் காப்பீட்டில் அது நடக்காது. கேட்டு வருபவரை மறுக்கக் கூடாது, நோயைக் காட்டி விலையை ஏற்றக் கூடாது என்பது சட்டம். 45 வயதுக்காரருக்கும் 65 வயது சர்க்கரை நோயாளிக்கும் ஒரே திட்டத்துக்கு ஒரே அடிப்படை விலைதான். அப்படியானால் எல்லோரும் நோய் வந்த பிறகே சேருவார்களே? அதைத் தடுக்கத்தான் காத்திருப்புக் காலம், தாமதமாகச் சேர்ந்தால் அபராதம், சேராமலே இருந்தால் வரியில் ஒரு குட்டு என்று மூன்று ஏற்பாடுகள். மூன்றுமே தேதியை வைத்து ஓடுபவை. அதனால் யார் கேட்டாலும் நான் கம்பெனிப் பெயரில் தொடங்குவதில்லை, காலண்டரில் தொடங்குவேன்.

விசா எது?

482 போன்ற வேலை விசாவில் வந்திருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு மெடிகேர் கிடையாது. இந்தியாவுடனோ இலங்கையுடனோ ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர சுகாதார ஒப்பந்தம் இல்லை. (லண்டனில் குடியிருந்துவிட்டு வருபவர்களுக்கு பிரிட்டன் ஒப்பந்தத்தின் வழியாக அவசியமான சிகிச்சை மட்டும் கிடைக்கும்.) விசாவில் 8501 என்ற நிபந்தனை இருந்தால் வெளிநாட்டவருக்கான காப்பீட்டை இடைவெளி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு அதிலேயே தனி வகை. கீழே நான் சொல்லப்போகும் கோல்டு, சில்வர், வரிக் கணக்கு எதுவும் இந்தக் காப்பீடுகளுக்குப் பொருந்தாது. இந்தக் கட்டத்தில் உள்ளவர்கள் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: மெடிகேர் கிடைக்காதவர் என்ற சான்றை சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பிடம் விண்ணப்பித்து வாங்கினால், வருமான வரியில் 2 சதவீத மெடிகேர் லெவியிலிருந்து (மெடிகேருக்கான வரி) விலக்குக் கேட்கலாம். இது தெரியாமலே சில வருடம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பி.ஆர். வந்தவுடன் ஓடத் தொடங்கும் கடிகாரம்

பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கையில் வந்து மெடிகேரில் முழுமையாகப் பதிவான தேதியை எங்காவது எழுதி வையுங்கள். மெடிகேரின் பச்சை அட்டைக்கும் இதே கணக்கு, பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கிடைக்கும் நீல இடைக்கால அட்டைக்கும் இதே கணக்கு.

2000 ஜூலை 1 முதல் இங்கே 'லைஃப்டைம் ஹெல்த் கவர்' என்றொரு விதி இருக்கிறது. 31 வயதை எட்டியதற்கு அடுத்த ஜூலை 1-க்குள் மருத்துவமனைக் காப்பீடு எடுக்காதவர், பிறகு எடுக்கும்போது 30-க்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். உச்சம் 70 சதவீதம். புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சலுகை உண்டு: எந்த வயதில் வந்தாலும், மெடிகேர் பதிவிலிருந்து 12 மாதத்துக்குள் எடுத்துவிட்டால் இந்தக் கூடுதல் இல்லை. அந்த 12 மாதத்தைத் தவறவிட்டு 40 வயதில் எடுத்தால் 20 சதவீதம். பத்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பிறகே அது நீங்கும்.

நம் குடும்பங்களில் ஒருவர் முதலில் வருவதும், மற்றவர்கள் வீடு பார்த்த பிறகு வந்து சேர்வதும் வழக்கம். அப்போது கணவனுக்கும் மனைவிக்கும் மெடிகேர் தேதி வேறுவேறாக இருக்கும், 12 மாதமும் தனித்தனியாக ஓடும். குடும்பத் திட்டத்தில் இருவருடைய கூடுதலையும் கூட்டிச் சராசரி போடுவார்கள்: ஒருவருக்கு 20, மற்றவருக்குப் பூஜ்யம் என்றால் பிரீமியத்தில் 10 சதவீதம் ஏறும்.

இனி வரி. 2025-26 நிதியாண்டில் குடும்ப வருமானம் 202,000 டாலரைத் தாண்டி, மருத்துவமனைக் காப்பீடு இல்லையென்றால், வழக்கமான லெவிக்கு மேல் 1 முதல் 1.5 சதவீதம் வரை கூடுதல் வரி உண்டு. தனி ஆளுக்கு வரம்பு 101,000. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்ப வரம்பு 1,500 டாலர் உயரும். இருவரும் சேர்ந்து 210,000 சம்பாதித்தால் அந்த வரி ஏறக்குறைய 2,100 டாலர். இதைத் தவிர்க்க வீட்டில் எல்லோருக்கும், துணைவர், பிள்ளைகள் உட்பட, காப்பீடு இருக்க வேண்டும். "எனக்கு மட்டும் ஆபீஸ் மூலமா எடுத்துட்டேன்" என்று நிம்மதியாக இருந்தவர் ஜூலையில் கணக்குப் பார்த்துத் திகைத்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இது நாள் கணக்கில் போடப்படும் வரி என்பதால், எடுக்காத நாட்களுக்கு மட்டும் பிடிப்பார்கள். எக்ஸ்ட்ராஸ் (பல், கண்ணாடி போன்றவற்றுக்கான துணைக் காப்பீடு) மட்டும் எடுத்தால் வயதுக் கூடுதல், வரி இரண்டு கணக்கிலும் செல்லாது.

வருமானம் அந்த வரம்புக்குக் கீழே, இருவருக்கும் வயது 30-க்குக் கீழே, பெரிய உடல்நலக் கவலை எதுவும் இல்லை என்றால், அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் விபத்து, மாரடைப்பு, பிரசவம் எல்லாம் மெடிகேரில் நடக்கும், நன்றாகவே நடக்கும். முழங்கால் மாற்றுவது, கண்புரை எடுப்பது போன்ற திட்டமிட்ட சிகிச்சைகளுக்குத்தான் அங்கே வரிசை நீளம்.

எந்தத் திட்டம்?

2019 ஏப்ரலில் வந்த விதியின்படி எல்லா மருத்துவமனைத் திட்டங்களும் கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்), பேசிக் என்ற நான்கு தட்டுகளில் வருகின்றன. சிகிச்சைகளை 38 வகையாகப் பிரித்து, எந்தத் தட்டில் எது கட்டாயம் என்று அரசே வகுத்திருக்கிறது. பிரசவம், கண்புரை, மூட்டு மாற்று, டயாலிசிஸ் கட்டாயமாக இருப்பது கோல்டில் மட்டும். சில்வர் பிளஸ் என்று வருவதில் இவற்றில் ஒன்றிரண்டு இருக்கலாம். எவை என்று திட்டத்தின் விவரத் தாளில் பார்க்காமல் நம்பக் கூடாது. பேசிக் பெரும்பாலும் வரியைத் தவிர்க்க மட்டும் எடுப்பது. அதை வைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போனால் பையில் கை வைக்க வேண்டியிருக்கும்.

குழந்தை பெற யோசிக்கும் தம்பதிகள் கவனிக்க: பிரசவத்துக்குக் காத்திருப்பு 12 மாதம். மருத்துவமனையில் சேரும் நாளுக்குள் அது முடிந்திருக்க வேண்டும், ஆகவே கரு தங்குவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கோல்டில் இருக்க வேண்டும். அதிலும் இரண்டு நுணுக்கங்கள். மகப்பேறு மருத்துவரை வெளியில் போய்ப் பார்க்கும் கட்டணத்தைக் காப்பீடு தராது; மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் டாக்டர் சந்திப்புகள் எதற்கும், ஜி.பி. (குடும்ப மருத்துவர்) உட்பட, தராது. இன்னொன்று, தம்பதித் திட்டத்தில் நீங்கள் இருக்கும்போது பிறக்கும் குழந்தை சிறப்புக் கவனிப்புப் பிரிவுக்குப் போனால் அது தனி நோயாளியாகக் கணக்கு. குடும்பத் திட்டத்துக்கு எப்போது மாற வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வளைகாப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே இருந்த நோய்க்கும் 12 மாதம்தான். சேருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அறிகுறி இருந்ததா என்று கம்பெனி நியமிக்கும் மருத்துவர் முடிவு செய்வார். மனநலம், மறுவாழ்வுச் சிகிச்சை, அந்திமக்காலப் பராமரிப்பு மூன்றுக்கும் பழைய நோயாக இருந்தாலும் இரண்டு மாதம் போதும். மற்றவற்றுக்கும் இரண்டு மாதம்.

எக்ஸஸ் என்பது மருத்துவமனையில் சேரும்போது நீங்கள் முதலில் கட்டும் தொகை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், தனி ஆளுக்கு 750 வரை இருந்தால் அந்தக் கூடுதல் வரியைத் தவிர்ப்பதில் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு எக்ஸஸ் கேட்காத திட்டங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் பொருத்தம். எக்ஸஸை உயர்த்தி பிரீமியத்தைக் குறைப்பது எனக்குப் பிடித்த வழி. மாதாமாதம் போகும் காசு நிச்சயம், மருத்துவமனை நிச்சயமில்லை.

அப்புறம் 'கேப்'. தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த தொகைக்கு 75 சதவீதம் மெடிகேர் தரும், 25 காப்பீடு தரும். மருத்துவர் அதற்கு மேல் கேட்டால் மிச்சம் உங்கள் தலையில். உங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர் என்றால் கேப் இல்லாமலோ, முன்பே தெரிந்த தொகையோடோ முடியும். என் மகனுக்கு டான்சில் எடுத்தபோது சர்ஜனிடம் கேப் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கினேன். மயக்க மருந்து டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வாரம் அவரிடமிருந்து தனியாக பில் வந்தது. இப்போதெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதே என் முதல் கேள்வி.

எக்ஸ்ட்ராஸ் (பல், கண்ணாடி, பிசியோ) விஷயத்தில் கைக்கணக்குப் போடுங்கள். கடந்த ஆண்டு குடும்பம் முழுவதற்கும் பல்லுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு செலவானது, திட்டம் அதில் எவ்வளவு திருப்பித் தரும், பிரீமியம் எவ்வளவு. பல வீடுகளில் பிரீமியம்தான் ஜெயிக்கும். பிள்ளைக்குப் பல் கம்பி போட வேண்டியிருந்தால் கணக்கு மாறலாம், அதற்கும் வழக்கமாக 12 மாதக் காத்திருப்பு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க, காமன்வெல்த் ஒம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பு) நடத்தும் அரசு இணையதளம் 'பிரைவேட்ஹெல்த்' போதும். எல்லாக் கம்பெனிகளின் எல்லாத் திட்டங்களும் ஒரே மாதிரி விவரத் தாளோடு அதில் இருக்கும். விளம்பரம் செய்யும் ஒப்பீட்டுத் தளங்கள் கமிஷனில் ஓடுபவை, எல்லாக் கம்பெனிகளையும் காட்டுவதில்லை.

மாறுவது எப்படி?

பிரீமியம் வழக்கமாக ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் ஏறும். 2025-இல் சராசரி ஏற்றம் 3.73 சதவீதம், தனித்தனித் திட்டங்கள் அதைவிட அதிகமாகவும் ஏறியிருக்கும். மார்ச்சில் அந்தக் கடிதம் வந்ததும் திட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு மாலை உட்கார்ந்து ஒப்பிடுங்கள். பழைய கம்பெனிக்கு விசுவாசமாக இருப்பதற்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

மருத்துவமனைக் காப்பீட்டில் நீங்கள் முடித்த காத்திருப்புக் காலம் உங்களுடையது. அதே அளவுத் திட்டத்துக்கோ குறைந்ததற்கோ மாறினால் மறுபடி காத்திருக்கச் சொல்லக் கூடாது, இதுவும் சட்டம். மேல் தட்டுக்கு ஏறினால், புதிதாகச் சேரும் சிகிச்சைகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும், பழையவை தொடரும். பலர் கவனிக்காத இடம் எக்ஸஸ்: அதைக் குறைத்து மாறினால், பழைய நோய் சம்பந்தமாகச் சேரும்போது முதல் 12 மாதம் பழைய எக்ஸஸையே கேட்கலாம்.

எக்ஸ்ட்ராஸுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பல கம்பெனிகள் முடித்த காலத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் இந்த ஆண்டு ஏற்கெனவே வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்ளும். வருடம் கூடக்கூட உயரும் பல் கம்பி வரம்பு போன்றவை பூஜ்யத்துக்குத் திரும்பலாம். "காத்திருப்பு இல்லை" என்று பெரிய எழுத்தில் வரும் சலுகைகள் பெரும்பாலும் எக்ஸ்ட்ராஸின் இரண்டு மாதத்தைத்தான் தள்ளுபடி செய்கின்றன. பிரசவத்தின் 12 மாதம் அப்படியே நிற்கும்.

வெளிநாட்டவர் காப்பீட்டிலிருந்து பி.ஆர். வந்து மாறும்போது முடித்த காலத்தை ஏற்பார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தது. தொலைபேசியில் "ஆமாம்" என்றால் போதாது, ஈமெயிலில் வாங்குங்கள்.

மாறும் முறை எளிது, வரிசை மட்டும் முக்கியம். பழையதை முதலில் நிறுத்தாதீர்கள். புதியதில் ஒரு தொடக்கத் தேதி குறித்துச் சேருங்கள். பழைய கம்பெனியிடமிருந்து மாறுதல் சான்றிதழைப் புதிய கம்பெனிக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இரண்டு தேதிகளுக்கும் இடையே ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. முன்கூட்டிக் கட்டிய பணம் மீதி இருந்தால் திரும்ப வர வேண்டும், வங்கியில் பழைய தானியங்கிப் பிடித்தம் நின்றதா என்றும் பாருங்கள். சேர்ந்த பிறகு மனம் மாறினால், கிளெய்ம் எதுவும் செய்யாதிருந்தால் 30 நாளுக்குள் விலகி முழுப் பணத்தையும் கேட்கலாம். தகராறு என்றால் முதலில் கம்பெனியிலேயே புகார், அங்கே தீராவிட்டால் ஒம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை.

ஆம்புலன்ஸும் அப்பா அம்மாவும்

மெடிகேர் ஆம்புலன்ஸுக்குப் பணம் தராது. குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா வாசிகளுக்கு மாநிலமே பார்த்துக்கொள்கிறது. விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் விக்டோரியாவின் குடும்ப உறுப்பினர் சந்தா எடுப்பது நல்லது. மற்ற இடங்களில் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோரை உங்கள் குடும்பத் திட்டத்தில் சேர்க்க முடியாது. அவர்களுக்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், அப்பாவின் சர்க்கரைக்கும் அம்மாவின் பிரஷருக்கும் அது தருமா என்று வரிக்கு வரி படிக்க வேண்டும். மூன்று மாதம் தங்க வருபவருக்குப் பழைய நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு உள்ள திட்டம் எதற்கு? டிக்கெட் போடும் முன்பே இதைப் பேசி முடியுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது இந்தக் காப்பீடு அங்கே செல்லாது, பயணக் காப்பீடு தனி. நீண்ட பயணம் என்றால் பல கம்பெனிகள் பிரீமியத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க விடும். அப்படி நிறுத்திய நாட்கள் கூடுதல் வரிக் கணக்கில் காப்பீடு இல்லாத நாட்களாக விழும். வருமானம் வரம்புக்கு மேலே என்றால் நிறுத்துவதில் மிச்சமாவது எவ்வளவு, வரியாகப் போவது எவ்வளவு என்று பார்த்துவிட்டு கம்பெனியைக் கூப்பிடுங்கள்.