பயம்: 'கு' சேரும் சொல் மாறினால் ஆளே மாறிவிடும்

"மகளுக்குப் பயம்" என்றால் பயப்படுவது மகள். "மகளுக்குப் பயந்தார்" என்றால் பயப்படுவது வேறொருவர். அவரைப் பயப்பட வைப்பவள்தான் மகள். இரண்டிலும் இருப்பது அதே 'கு' உருபு. பயம் என்ற பெயரோடு சேர்ந்தால் அது பயப்படுபவரைக் காட்டும். பயந்தார், அஞ்சினார் போன்ற வினையோடு சேர்ந்தால் பயத்துக்குக் காரணமானதைக் காட்டும். பழிக்கு அஞ்சினான் என்பது இந்த வகைதான்.

தமிழ் கற்பவர்கள் மட்டுமல்ல, மொழிபெயர்ப்பாளர்களும் இங்கே சறுக்குகிறார்கள். மகள் இருட்டில் தனியாக வருகிறாளே என்று தவிக்கும் தாயை "மகளுக்குப் பயப்படுகிறார்" என்று எழுதினால், மகள் தாயை மிரட்டி வைத்திருப்பதாக ஆகிவிடும். "மகளை நினைத்துப் பயப்படுகிறார்" என்று எழுதுங்கள், குழப்பமே வராது.

"நான் பயமாக இருக்கிறேன்" என்பதும் அடிக்கடி கண்ணில் படும் பிழை. பசியும் தூக்கமும் போலப் பயமும் தமிழில் நமக்கு வருவது. அதனால் "எனக்குப் பயமாக இருக்கிறது". "நாயிலிருந்து பயம்" வேண்டாம். "நாயைக் கண்டால் பயம்" போதும்.

"நாளை வர முடியாது என்று பயப்படுகிறேன்" என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். ஆங்கிலத்தில் மறுப்பை மென்மையாகச் சொல்லும் வழி அது. தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: "நாளை வர முடியாது போலிருக்கிறது."

அச்சம், அச்சுறுத்தல் இரண்டும் ஒன்றல்ல. முன்னது மனத்தில் எழுவது, பின்னது வெளியிலிருந்து வருவது. ஆகவே மக்களிடையே நிலவுவது அச்சம்.

அப்புறம், "நன்மை பயக்கும்" என்பதில் பயமே இல்லை. அது பயன் என்பதோடு உறவுடைய வேறு சொல். தரும், விளைவிக்கும் என்று பொருள். பழைய பாடல்களில் "பயந்த தாய்" என்று வந்தால் பெற்றெடுத்த தாய் என்று கொள்ள வேண்டும்.

பழந்தமிழில் இன்னும் நுட்பமான ஓர் இடம் 'அஞ்சல்'. அஞ்சாதே என்று தேற்றும் சொல்லாகவும் வரும், அஞ்சுதல் என்ற பொருளிலும் வரும். 428ஆம் குறளில் "அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்" என்பதில் அது அஞ்சுதல். முதல் பொருளை இங்கே கொண்டுவந்தால், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதே அறிவு என்றாகிவிடும். அதைத்தான் அந்தக் குறளின் முன்பாதி பேதைமை என்கிறது.