எட்டு போடும்போது வண்டி ஏன் சாய்கிறது?

புதிதாக பைக் ஓட்டுகிறவர்கள் சாய்வது வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது, தெரு முனையில் யூ-டர்ன் போடும்போது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடும்போது. வேகம் இருந்தால் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். 10 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் அந்த வேலை உங்கள் இடது கை விரல்களுக்கு வந்துவிடும். ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம் இங்கே உதவாது. கியர் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

100, 110 சிசி வண்டியில் பழகுங்கள். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. சாய ஆரம்பித்த புல்லட்டை ஒற்றைக் காலால் தாங்குவதெல்லாம் நடக்காத காரியம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். லெக் கார்டு இல்லாத வண்டியில் பழகவே பழகாதீர்கள். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீடு வராத மனைப்பிரிவு ரோடு ஏதாவது இருந்தால் போதும். மணல் கிடந்தால் முதலில் பெருக்கிவிடுங்கள்.

கிளட்ச் லீவரின் முனை 10 முதல் 15 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். அதைவிட அதிகமாக ஆடினால், முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். ஐட்லிங் (ஆக்சிலேட்டர் தொடாதபோது இன்ஜின் ஓடுகிற வேகம்) குறைவாக இருந்தால் திருப்பத்தின் நடுவில் ஆஃப் ஆகும். இரண்டையும் மெக்கானிக்கிடம் சரி செய்துகொண்ட பிறகு ஆரம்பியுங்கள்.

முதல் படி, ஹாஃப் கிளட்ச். இரண்டு காலும் தரையில், ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலேட்டர் தொடக் கூடாது. லீவரை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், வண்டி முன்னால் உந்தும். அங்கேயே நிறுத்தி, மறுபடி பிடியுங்கள். இருபது தடவை செய்தால் விரலுக்கு அந்த இடம் தெரிந்துவிடும்.

அடுத்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து அப்படியே வைத்துக்கொண்டு, கிளட்சை அந்த இடத்திலேயே நிறுத்தி, வலது காலால் பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு பக்கம் இன்ஜின் இழுக்க, இன்னொரு பக்கம் பிரேக் பிடிக்க, வண்டி இழுத்துக் கட்டின கயிறு மாதிரி விறைப்பாக நிற்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் சி.பி.எஸ். என்கிற கூட்டு பிரேக் இருக்கும். கால் பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் திருப்பத்தில் அழுத்தம் லேசாகவே இருக்கட்டும்.

இப்போது எட்டு. 20 அடி இடைவெளியில் இரண்டு செங்கல் வைத்துச் சுற்றுங்கள். பார்வை செங்கல் மேல் இருந்தால் வண்டி செங்கல் மேல்தான் ஏறும். போக வேண்டிய இடத்துக்குத் தலையைத் திருப்புங்கள். ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் வலது கை நீண்டு ஆக்சிலேட்டர் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். முழங்கையை மடக்கியே வையுங்கள்.

பாதித் திருப்பத்தில் வண்டி உள்பக்கம் விழுகிற மாதிரி தோன்றும். அந்த நொடியில் பயத்தில் கை இரண்டில் ஒன்றைச் செய்யும். முன் பிரேக்கைக் கவ்வும்: சக்கரம் ஒரு பக்கம் ஒடிந்திருக்க, வண்டியின் எடை நேராகப் போகப் பார்க்க, அப்படியே உள்ளே கவிழும். அல்லது கிளட்சை முழுக்கப் பிடிக்கும்: உந்துதல் அறுந்துவிடும், நிமிர்த்த ஆளில்லை. செய்ய வேண்டியது நேர் எதிர். கிளட்சை ஒரு நெல்மணி அளவு விடுங்கள், பின் பிரேக்கைத் தளர்த்துங்கள். வண்டி தானாக எழும். ரொம்ப விட்டால் உதறி ஆஃப் ஆகும், அதுவும் கவிழ்க்கும். நெல்மணி அளவுதான்.

நிற்கும்போது ஹேண்டில் நேரானதும் பிரேக் பிடியுங்கள், பிறகு இடது காலை ஊன்றுங்கள். ரோட்டின் இடது ஓரம் சரிந்திருக்கும், தார் முடிகிற விளிம்பில் நின்றால் உயரம் குறைந்தவர்களுக்குக் கால் எட்டாது. ஒன்றரை அடி உள்ளே நில்லுங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். கிளட்சை மெதுவாக விட்டு, இன்ஜின் சத்தம் கம்மிய பிறகுதான் பிரேக்கை விட வேண்டும்.

ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தூக்கின வேகத்தில் மறுபக்கம் விழும். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கை ஹேண்டில் முனையிலும் இன்னொரு கை பின்பக்கக் கம்பியிலுமாகப் பிடித்து, பின்னாலேயே நடந்து நிமிர்த்துங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், கால் படாமல்.

பின்சேர்க்கை: பலர் கேட்கிற சந்தேகம், பின்னால் ஆள் இருந்தால்? ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகிற கூட்டத்தில், புடவையில் ஒரு பக்கமாக உட்காருபவரின் எடை முழுக்க இடப்பக்கம் விழும். அவர் ஏறும்போது இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஏறுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும், இறங்குவதும் அப்படியே. தனியாக எட்டு போட வராதவரை யாரையும் ஏற்றாதீர்கள்.